ஒன்பது பேர், மூன்று விதி, மூன்று வெற்றியாளர்: நியாயமும் கூட்டு முடிவும் பற்றிய ஏஐ ஆய்வுக்குப் புதிதாக வருபவருக்கு

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அப்புறம். ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் க, ச, த என்று மூன்று தேர்வுகள். நான்கு பேருடைய விருப்ப வரிசை க, ச, த. மூன்று பேருக்கு த, ச, க. மீதி இரண்டு பேருக்கு ச, த, க. எல்லோரும் சேர்ந்து ஒன்றைத்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது?

முதல் இடத்தை மட்டும் எண்ணினால் க-வுக்கு 4, த-வுக்கு 3, ச-வுக்கு 2. க ஜெயித்துவிட்டது. கடைசியாக வந்ததை நீக்கிவிட்டு மறுபடி எண்ணலாம் என்றால், ச வெளியேறுகிறது, அதன் இரண்டு ஓட்டும் த-வுக்குப் போகிறது, த 5, க 4. இப்போது த. சரி, முதல் இடத்துக்கு 2 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை என்று போட்டுப் பாருங்கள். க 8, த 8, ச 11. இப்போது ச. ஒருவரும் மனம் மாறவில்லை, ஒருவரும் ஏமாற்றவில்லை. எண்ணும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை வாசித்துவிட்டுக் கடந்துபோகாமல் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவில் நியாயம், கூட்டு முடிவு என்று ஆய்வு செய்ய வருபவர்களில் பாதிப் பேர் பெரிய சொற்களோடு வருகிறார்கள்: சமத்துவம், ஜனநாயகம், பாரபட்சம். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு சும்மா சுற்றலாம். ஒன்பது பேர் கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு ஒரு வாரத்தில் ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

முதலில் எந்த வாசல் என்று பாருங்கள்

இந்த வீட்டுக்கு மூன்று வாசல். முதலாவது கூட்டுத் தெரிவு (சமூகத் தெரிவு என்றும் சொல்வார்கள்): பலருடைய விருப்பங்களை ஒரே முடிவாக்கும் விதிகள், ஓட்டு, குழுத் தேர்வு, பொதுப் பணத்தை எந்தத் திட்டத்துக்கு ஒதுக்குவது என்பது போன்றவை. இரண்டாவது நியாயமான பங்கீடு: பொருள்களை, வேலைகளை, நேரத்தை யாருக்கு எவ்வளவு என்பது. மூன்றாவது இயந்திரக் கற்றல் வழியாக வருவது: ஒரு கருவி மனிதர்களைப் பற்றிக் கணிக்கும்போது சில பிரிவினரைத் தொடர்ந்து தவறாகக் கணிக்கிறதா என்பது.

உள்ளே எல்லா அறைகளும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆனால் ஒரு வாசலில் வந்தவர் அடுத்த வாசல்காரருடைய கட்டுரைகளை அதிகம் படிப்பதில்லை. இது உங்களுக்குச் சாதகம். முதல் இரண்டு வாசலில் வருபவருக்குக் கணித நிரூபணம் எழுதும் பழக்கம் வேண்டும். மூன்றாவதுக்கு நிகழ்தகவும் கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கமும் வேண்டும். எது உங்கள் கைக்கு வருமோ அதில் தொடங்குங்கள். எது இப்போது பரபரப்பாகப் பேசப்படுகிறது என்று பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள்.

பழையதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதம்

மூன்று பேர் போதும், இன்னொரு வேடிக்கைக்கு. ஒருவருக்கு க, ச, த. அடுத்தவருக்கு ச, த, க. மூன்றாமவருக்கு த, க, ச. இரண்டிரண்டாக மோதவிடுங்கள். க-வும் ச-வும் மோதினால் க 2–1 என்று ஜெயிக்கும். ச, த-வை 2–1 என்று ஜெயிக்கும். த, க-வை 2–1 என்று ஜெயிக்கும். பெரும்பான்மை வட்டமாகச் சுற்றுகிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோன்டோர்செ 1785-இல் எழுதி வைத்தது இது. புள்ளி போட்டு எண்ணும் விதி அவர் காலத்தவரான போர்தாவின் பெயரில் இருக்கிறது. இருவருக்கும் அப்போது நடந்த வாதம் வேறு வேஷத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

1951-இல் கென்னத் ஆரோ இந்தச் சில்லறைச் சிக்கல்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய சிக்கல் இருப்பதைக் காட்டினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, எல்லோரும் ஒருமனதாக விரும்பினால் விதி அதை மதிக்க வேண்டும், இரண்டு தேர்வுகளின் ஒப்பீடு மூன்றாவது ஒன்றைச் சார்ந்திருக்கக் கூடாது, ஒரே ஆள் சர்வாதிகாரியாக இருக்கக் கூடாது என்று எளிமையான நிபந்தனைகளை வைத்தாலே போதும். எந்த விருப்பம் வந்தாலும் ஒழுங்கான கூட்டு வரிசை தரும் விதி எதுவும் மிஞ்சாது. 1973-இல் கிப்பார்டும் 1975-இல் சாட்டர்த்வெயிட்டும் தனித்தனியாக இன்னொரு கதவை மூடினார்கள்: மூன்று தேர்வுகளாவது ஜெயிக்கக்கூடிய, சர்வாதிகாரி இல்லாத எந்த விதியிலும், விருப்பத்தை மாற்றிச் சொல்லி லாபம் பார்க்க ஒருவருக்காவது ஏதோ ஒரு சூழலில் வழி இருக்கும்.

பிறகு கணினியியலாளர்கள் வந்தார்கள். 1989-இல் பார்த்தோல்டி, டோவி, ட்ரிக் என்ற மூவர் கேட்ட கேள்வி துறையின் திசையையே மாற்றியது: ஒரு விதி கொள்கையளவில் அழகாக இருக்கலாம், ஆனால் வெற்றியாளர் யார் என்று கணக்கிட்டு முடிக்க முடியுமா? 1876-இல் டாட்ஜ்சன் (லூயிஸ் கரோல் என்ற பெயரில் கதை எழுதியவர்) முன்வைத்த விதியில் அது என்பி-கடினம், அதாவது எல்லா நிலைமைகளுக்கும் வேகமாகக் கணக்கிடும் வழி இருக்காது என்று நம்பப்படும் வகை, என்று காட்டினார்கள். கூடவே தலைகீழாகவும் யோசித்தார்கள். ஏமாற்றும் வழி இருந்தாலும் அதைக் கண்டுபிடிப்பதே கணக்களவில் கடினம் என்றால் அது ஒரு வகைப் பாதுகாப்பு அல்லவா? இந்தப் பாதுகாப்பு நம்பிக்கைக்குரியதா என்ற சந்தேகமும் பின்னால் வந்தது. மிக மோசமான நிலையில் கடினம் என்பது வழக்கமான நிலையிலும் கடினம் என்று ஆகாது.

இவற்றுக்குப் படிக்க ஒரே இடம் வேண்டுமென்றால் கணினிசார் சமூகத் தெரிவுக்கென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2016-இல் கொண்டுவந்த கையேடு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அட்டை முதல் அட்டை வரை படிக்க உட்காராதீர்கள், தூங்கிவிடுவீர்கள். முதல் சில அதிகாரங்கள், அப்புறம் உங்கள் வாசலுக்குரிய ஓர் அதிகாரம். அதிலுள்ள ஒவ்வொரு தேற்றத்துக்கும் மூன்று நான்கு பேர் உள்ள சிறு உதாரணத்தை நீங்களே செய்து பாருங்கள். அது முடியவில்லை என்றால் தேற்றம் புரியவில்லை.

"நியாயம்" என்ற சொல்லைக் கண்டால் நிறுத்துங்கள்

மூன்றாவது வாசலில் வருபவர்கள் முதலில் செய்ய வேண்டிய கணக்கு இது. இரண்டு பிரிவினர், பிரிவுக்கு 100 பேர், எல்லோரும் கடன் கேட்கிறார்கள். முதல் பிரிவில் 50 பேர் திருப்பிக் கட்டமாட்டார்கள். இரண்டாம் பிரிவில் 20 பேர். ஒரு கருவி சிலரை "ஆபத்து" என்று குறிக்கிறது. கட்டாதவர்களில் 80 சதவீதத்தை இரு பிரிவிலும் சரியாகப் பிடிக்கிறது: முதலாவதில் 40 பேர், இரண்டாவதில் 16 பேர். அது குறித்தவர்களில் 80 சதவீதம் பேர் உண்மையிலேயே கட்டாதவர்கள், இதுவும் இரு பிரிவிலும் ஒன்றுதான்: 50 பேரைக் குறித்தால் 40 சரி, 20 பேரைக் குறித்தால் 16 சரி. கச்சிதமாக நியாயமான கருவி என்று சொல்லத் தோன்றும்.

இப்போது ஒழுங்காகக் கட்டக்கூடியவர்களின் பக்கம் போய் நின்று பாருங்கள். முதல் பிரிவில் அப்படி 50 பேர்; அவர்களில் 10 பேரைக் கருவி வீணாகக் குறித்திருக்கிறது, 20 சதவீதம். இரண்டாம் பிரிவில் 80 பேரில் 4 பேர், 5 சதவீதம். நாணயமானவர் தவறாகக் குறிக்கப்படும் வாய்ப்பு ஒரு பிரிவில் நான்கு மடங்கு. கருவியில் பிழை எதுவும் இல்லை; எண்களின் கட்டமைப்பே அப்படி. இரு பிரிவிலும் அடிப்படை விகிதம், அதாவது கட்டாதவர்களின் பங்கு, வேறாக இருந்து, கருவி முற்றிலும் துல்லியமாக இல்லாவிட்டால், இந்த மூன்று சமன்களையும் ஒன்றாகப் பெற முடியாது. அலெக்ஸாண்ட்ரா சோல்டெகோவா 2017-இல் வெளியிட்ட கட்டுரையில் இருப்பது இந்தக் கணக்குதான். கிளைன்பெர்க், முல்லைநாதன், ராகவன் மூவரும் 2016-இல் சற்று வேறு வரையறைகளோடு இதே சுவரில் முட்டினார்கள்.

அதற்குப் பின்னணி ஓர் உண்மைச் சண்டை. ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்பட்ட காம்பாஸ் என்ற மதிப்பீட்டுக் கருவி கறுப்பினத்தவரை அதிகமாகத் தவறாகக் குறிக்கிறது என்று ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2016-இல் எழுதியது. குறிக்கப்பட்டவர்களில் மீண்டும் குற்றம் செய்தோர் விகிதம் இரு இனத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று கருவியைச் செய்தவர்கள் பதில் சொன்னார்கள். இருவரும் தத்தம் எண்ணில் சரி. ஒரே சொல்லுக்கு இரண்டு வரையறை.

இதிலிருந்து ஒரு வேலை முறை பிறக்கிறது. எந்தக் கட்டுரையில் "நியாயம்" என்ற சொல் வந்தாலும் அதை அடித்துவிட்டு, அங்கே உண்மையில் கோரப்படும் சமன்பாட்டை எழுதுங்கள். யாருக்கும் யாருக்கும் இடையே சமம்? எந்த எண் சமம்? எழுத முடியாவிட்டால், கட்டுரை ஆசிரியருக்கே தெரியவில்லை என்று கொள்ளலாம். சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் சொந்த வரைவுகளிலும் இதைச் செய்து பாருங்கள். என் முதல் வரைவில் அந்தச் சொல் பக்கத்துக்கு ஐந்தாறு முறை வந்தது, ஒவ்வொரு முறையும் வேறு பொருளில்.

கூடவே இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள். முதல் பிரிவில் 50, இரண்டாம் பிரிவில் 20 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? யார் பதிவு செய்தார்கள்? யாரை அதிகம் கண்காணித்தார்களோ அவர்களின் தவறுகள்தான் தரவில் அதிகம் இருக்கும். சமன்பாடு அதைத் தானாகச் சொல்லாது.

பங்கீடு: எளிதாகத் தொடங்கி ஆழமாகப் போகும் இடம்

நிரூபணம் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரு கேக்கை இருவருக்குப் பிரிக்க ஒருவர் வெட்ட மற்றவர் எடுத்துக்கொண்டால் போதும், யாருக்கும் பொறாமை இருக்காது. மூன்று பேருக்கான வழி 1960 வாக்கில் கிடைத்தது. எத்தனை பேர் இருந்தாலும் இத்தனை படிகளுக்குள் முடியும் என்று வரம்பு சொல்லும் முறை 2016-இல்தான் வந்தது. ஹாரிஸ் அஸீஸும் சைமன் மெக்கென்சியும் கண்டது. வரம்பு என்ன தெரியுமா? ஆட்களின் எண்ணிக்கையை ஆறு முறை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக்குறியாக ஏற்றி எழுதிய எண். அதன்படி கேக் வெட்ட உட்கார்ந்தால் பிரபஞ்சம் முடிந்துவிடும். ஆனாலும் அது பெரிய சாதனை.

உடைக்க முடியாத பொருள்கள் என்றால் பொறாமையே இல்லாமல் பிரிப்பது பெரும்பாலும் நடக்காது. ஒரே ஒரு பொருள், இரண்டு பேர் என்றாலே முடிந்தது. அதனால் கோரிக்கையைத் தளர்த்துகிறோம்: உங்கள் பங்கைப் பார்த்து எனக்குப் பொறாமை வரலாம், ஆனால் அதிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துவிட்டால் பொறாமை தீர வேண்டும். இதற்கு ஈஎஃப்1 என்று பெயர். முறைவைத்து ஆளுக்கு ஒன்றாக எடுத்தாலே இது கிடைத்துவிடும். ஏன் என்று யோசியுங்கள்: நான் இரண்டாவதாக எடுக்கிறேன். நீங்கள் முதலில் எடுத்த பொருளை ஒதுக்கிவையுங்கள். மிச்சத்தில் நான் எடுத்தது ஒவ்வொன்றும், அடுத்து நீங்கள் எடுத்ததைவிட எனக்கு மேலானது அல்லது சமமானது, ஏனென்றால் நான் எடுக்கும்போது உங்கள் அடுத்த பொருளும் அங்கேதான் கிடந்தது. நிரூபணம் முடிந்தது. பொருள்களின் மதிப்பை வெறுமனே கூட்டலாம் என்பது மட்டும் இங்கே அனுமானம்.

இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். "ஏதாவது ஒரு பொருளை" என்பதற்குப் பதில் "எந்தப் பொருளை எடுத்தாலும்". பெயர் ஈஎஃப்எக்ஸ். இத்தகைய பங்கீடு எப்போதும் இருக்கும் என்று, மதிப்பைக் கூட்டக்கூடிய மூன்று பேருக்கு நிரூபிக்கவே 2020 வரை ஆனது. சௌதுரி, கர்க், மெல்ஹார்ன் மூவரும் அதைச் செய்தார்கள். ஒரு சொல் மாற்றத்தில் ஐந்து வரி நிரூபணம் பல ஆண்டு ஆராய்ச்சியாகிறது. இந்த அனுபவம் கைவசமானால் ஆய்வுக் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

கேள்வி கண்டுபிடிக்க: பழைய நிபந்தனை, புதிய இடம்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது. "என்ன தலைப்பில் ஆய்வு செய்யலாம்?" என்று கேட்டு வருபவர்களுக்கு நான் தலைப்பு தருவதில்லை. ஒரு பழைய நிபந்தனையை எடு, அது இதுவரை போகாத இடத்துக்குக் கூட்டிப்போ, அங்கே உடைகிறதா என்று பார் என்கிறேன்.

செய்து காட்டுகிறேன். நிக்கோலஸ் டைட்மன் 1987-இல் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு தேர்வின் நகலை, அதாவது எல்லோருடைய வரிசையிலும் அதற்குப் பக்கத்திலேயே உட்காரும் இன்னொன்றை, சேர்ப்பதால் முடிவு மாறக் கூடாது. ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு க பிடிக்கும், இரண்டு பேருக்கு ச. புள்ளிக் கணக்கில் க 3, ச 2, க-தான். இப்போது ச-வைப் போலவே, ஆனால் ஒரு துளி மட்டமான ஒரு நகலைச் சேர்ப்போம். அதை ஞ என்போம். மூன்று பேரின் வரிசை க, ச, ஞ. இரண்டு பேரின் வரிசை ச, ஞ, க. புள்ளி: க-வுக்கு 6. ச-வுக்கு 3-உம் 4-உம் சேர்ந்து 7. ச ஜெயித்துவிட்டது! ஒரு புதிய கருத்தும் உள்ளே வரவில்லை. நகல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டதாலேயே சிறுபான்மையின் தேர்வு வென்றது.

நல்ல புதிர், பழைய புதிர். இதைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவோம். உரையாடும் ஏஐ-களுக்கு அடிப்படையான மொழி மாதிரிகளைப் பழக்கும்போது ஒரே கேள்விக்கு இரண்டு பதில்களைக் காட்டி, எது மேல் என்று மனிதர்களிடம் கேட்கிறார்கள். அந்த ஒப்பீடுகளிலிருந்து ஒரு மதிப்பெண் சார்பைக் கற்றுக்கொண்டு, அதிக மதிப்பெண் பெறும் பதிலை நோக்கி மாதிரியைத் திருப்புகிறார்கள். வழக்கமாக இதற்கு, இரண்டிரண்டு ஒப்பீடுகளை மதிப்பெண்களாக்கும் 1952-ஆம் ஆண்டின் பிராட்லி–டெர்ரி மாதிரிதான் அடிப்படை. அது எல்லோரையும் ஒரே மனிதராகப் பாவித்து, கருத்து வேறுபாட்டை வெறும் தற்செயல் பிழையாக எண்ணிக்கொள்கிறது. யாருடைய ஒப்பீடு எது என்ற தகவல் இல்லாமல் இப்படிக் கற்கும்போது நடப்பது உண்மையில் போர்தாவின் புள்ளி எண்ணிக்கையே என்று 2023 இறுதியில் வந்த ஒரு கட்டுரை காட்டியது.

இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மொழி மாதிரி பதில்களைக் கொட்டும்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான பதில்கள் நிறைய வரும். நகல்கள்! 1987-இன் நிபந்தனை இங்கே வெறும் கணிதப் புதிர் அல்ல. எந்த வகைப் பதில் அதிகம் உற்பத்தியாகிறதோ அது மதிப்பீட்டை எந்தப் பக்கம் சாய்க்கும்? எவ்வளவு? நகல் என்பதைக் "கிட்டத்தட்ட நகல்" என்று தளர்த்தினால் நிபந்தனையை எப்படி எழுதுவது? மூன்று கேள்விகள் வந்துவிட்டன. இந்த ஒட்டுமொத்தப் பார்வையை வலியுறுத்தி வின்சென்ட் கோனிட்சர் உட்படப் பலர் 2024-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்: பலவகை மனிதர்களின் கருத்தைக் கொண்டு ஏஐ-யைத் திருத்துவது சமூகத் தெரிவுக் கோட்பாட்டின் வழிகாட்டலோடு நடக்க வேண்டும் என்று. புதியவர்கள் முதலில் படிக்க வேண்டியவற்றில் அதைச் சேர்ப்பேன்.

இதேபோல வேறு இணைகளை நீங்களே பொருத்திப் பார்க்கலாம். பெரிய குழுவுக்கு அதன் அளவுக்கேற்ற பிரதிநிதித்துவம் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பரிந்துரைப் பட்டியல்களில் வைத்தால்? ஏமாற்ற முடியாமை என்ற நிபந்தனையைக் கருத்துச் சேகரிப்பில் வைத்தால்?

யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா?

ஒரு சொந்த அனுபவம். ஒரு தேற்றத்தை நிரூபிக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். சின்னத் தேற்றம்தான், ஆனால் என்னுடையது என்று பெருமை. ஒரு கருத்தரங்கில் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், இது பொருளாதாரத்தில் பழைய விஷயமாயிற்றே, வேறு பெயரில் இருக்கும் என்றார். போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது, என் நிரூபணத்தைவிடச் சிறியதாகவும் இருந்தது.

அதனால் தேடும்போது கணினியியல் மட்டும் போதாது. கணினியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல், கணிதம் ஆகிய நான்கிலும் ஒரே கருத்துக்கு வேறு வேறு பெயர். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வைக்கும் ஆர்க்சைவ் தளத்தில் விளையாட்டுக் கோட்பாட்டுப் பிரிவை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அது யாரை மேற்கோள் காட்டுகிறது என்பதோடு நிற்காமல், அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் தேடுங்கள். புதியவர்கள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு நாள் தேடல் நான்கு மாதத்தை மிச்சப்படுத்தும். ஈஎஃப்எக்ஸ் போன்ற பிரபலமான கேள்வியைத் தொடுவதாக இருந்தால் தினமும் பாருங்கள்.

நிரூபணமா, பரிசோதனையா?

முதலில் எதிர் உதாரணம் தேடுங்கள். "இந்த விதி இந்த நிபந்தனையை நிறைவேற்றும்" என்று தோன்றினால், அதை உடைக்க மூன்று ஓட்டர், மூன்று தேர்வில் ஆரம்பியுங்கள். கையால் முடியாவிட்டால் பைத்தானில் எல்லா வரிசைகளையும் ஓடவிடுங்கள்; மூன்று தேர்வுக்கு ஆறே வரிசைதான், ஐந்து ஓட்டர் என்றாலும் 7,776 நிலைமைகள், கண் சிமிட்டும் நேரம். அதற்கு மேல் போனால் சாட் தீர்ப்பான்கள், அதாவது பல தர்க்க நிபந்தனைகளை ஒன்றாக நிறைவேற்ற முடியுமா என்று தேடும் நிரல்கள், கைகொடுக்கும். ஆரோவின் தேற்றத்தையே டாங், லின் இருவரும் 2009-இல் இப்படிக் கையாண்டார்கள்: இரண்டு பேர், மூன்று தேர்வு என்ற சிறு நிலையைக் கணினி சரிபார்த்தது, பெரிய நிலைகளைத் தொகுத்தறிதல் பார்த்துக்கொண்டது.

பரிசோதனை என்றால் தரவு வேண்டும். உண்மையான விருப்ப வரிசைகளுக்கு ப்ரெஃப்லிப், பங்கேற்பு பட்ஜெட் (பொதுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களே ஓட்டுப் போடுவது) ஓட்டுகளுக்கு பாபுலிப், இரண்டும் இலவசம். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லா வரிசைகளும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொண்டு செயற்கை ஓட்டுகளை உருவாக்குவது. அந்த அனுமானத்தில் மூன்று தேர்வும் ஏராளமான ஓட்டர்களும் இருந்தால் சுமார் 8.8 சதவீத நேரம் பெரும்பான்மை வட்டமாகச் சுற்றும். மெய்யான தரவில் வட்டம் அதைவிட அரிது, ஏனென்றால் மனிதர்களின் விருப்பங்கள் பகடை உருட்டி வருபவை அல்ல. இந்த ஒரே அனுமானத்தில் நின்று முடிவு சொல்லும் கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். ஓட்டுகளை உருவாக்கும் குறைந்தது இரண்டு மூன்று மாதிரிகளிலும் ஒரு மெய்த் தரவிலும் ஓட்டிப் பாருங்கள்.

மனிதர்களிடம் போகும்போது

கணக்கில் நியாயமாக இருப்பதை மனிதர்கள் ஏற்பார்கள் என்று உறுதி இல்லை. ஏற்கச் செய்த முயற்சிகளைப் படியுங்கள். பீட்டர்ஸும் ஸ்கோவ்ரானும் 2020-இல் முன்வைத்த சம பங்கு முறை, தாளிலிருந்து தெருவுக்கு வந்தது: 2023-இல் போலந்தின் வியெலிச்காவிலும் சுவிட்சர்லாந்தின் ஆராவிலும் பொதுப் பணத்தை ஒதுக்க அது பயன்பட்டது. அதன் கருத்து எளிது. பட்ஜெட்டை ஓட்டர்களுக்குச் சமமாகப் பிரித்துவிடு. ஒரு திட்டத்தை ஆதரிப்பவர்கள் தங்கள் பங்கிலிருந்து அதற்குச் செலவழிக்கட்டும். பெரும்பான்மை முழுப் பையையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு விதியைச் சாதாரண ஓட்டருக்கு மூன்று வாக்கியத்தில் விளக்க முடிவது கணித அழகைவிடச் சில சமயம் பெரிய தகுதி.

மறுபக்கத்தில் மாரல் மெஷின். தானோட்டிக் கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று இணையத்தில் கேட்டு, 233 நாடுகள், பிரதேசங்களிலிருந்து கிட்டத்தட்ட 4 கோடி முடிவுகளைத் திரட்டியது. 2018-இல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. பிரமாண்டமான தரவு. ஆனால் விளையாட்டுபோல் வந்து அழுத்தியவர்களின் விருப்பத்தை அப்படியே விதியாக்கலாமா என்பது அந்தத் தரவுக்குள்ளேயே பதில் இல்லாத கேள்வி. எத்தனை பேர் என்பதைவிட யார், எப்படிக் கேட்கப்பட்டார்கள் என்பது கனமானது. பொதுப் பிரச்சினையைச் சாதாரண மக்களே கூடி விவாதிக்கும் குடிமக்கள் அவைகளுக்கு ஆள்களைக் குலுக்கல் முறையில் எடுக்கும்போது எல்லாருக்கும் இயன்றவரை சம வாய்ப்பு கிடைக்கச் செய்யும் அல்காரிதங்களைப் பற்றி 2021-இல் நேச்சரில் வந்த கட்டுரை இந்தக் கேள்வியை வேறு முனையிலிருந்து தொடுகிறது.

நீங்களே ஆட்களிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால், கேட்பதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். பின்தேதியிட்டு வாங்க முடியாது. சிறு முன்னோட்டமாகப் பத்துப் பேரிடம் கேள்வியைக் கொடுத்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதும் அவர்கள் பதில் சொன்னதும் வேறு வேறாக இருப்பது முதல் முறை எல்லோருக்கும் நடக்கும்.

எழுதி அனுப்புவது

எங்கே அனுப்புவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள், வாசகர் மாறுவார். நிரூபணம் கனமாக இருந்தால் பொருளாதாரமும் கணினியியலும் சந்திக்கும் ஈசி மாநாடு. ஏஐ பக்கம் என்றால் ஏஏஏஐ, இஜ்காய், ஆமாஸ். சமூகத் தாக்கம் மையம் என்றால் 2018-இல் தொடங்கிய ஃபாக்ட் அல்லது ஏஐஇஎஸ். முழுதாக வேகாத கருத்துக்குக் காம்சாக் பயிலரங்கு. 2006-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, புதியவர்களிடம் அன்பாக இருக்கும் கூட்டம்.

கட்டுரையின் முதல் பக்கத்திலேயே உங்கள் சிறு உதாரணத்தை வையுங்கள். ஐந்து ஓட்டர், ஒரு நகல், மாறிய வெற்றியாளர். மதிப்பீட்டாளர் களைப்பில் இருப்பார். பொதுவான வரையறையை மூன்றாம் பக்கத்தில் படித்துக்கொள்ளட்டும். அனுமானங்களை மறைக்காதீர்கள். "மதிப்பைக் கூட்டலாம் என்று கொள்கிறோம்" என்பதை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்தால் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

நிராகரித்தால், மதிப்புரைகளை அன்றே படித்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். மறுபடி எடுக்கும்போது, "புரியவில்லை" என்று சொன்ன இடங்களில் மட்டும் கைவையுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று உங்களுக்குத் தோன்றும் இடம்தான், பெரும்பாலும், உதாரணம் இல்லாமல் நீங்கள் வரையறையை மட்டும் எழுதிவிட்டுப் போன இடம்.